செலவைக் குறைக்கத்தானே கடையைச் சாத்துகிறார்கள்?

வாசகர் ஒருவர், 1 அக்டோபர் 2025
அமெரிக்க அரசிடம் காசில்லை, அதனால் அலுவலகங்களை மூடிவிட்டார்கள் என்று டிவியில் ஓடுகிறது. 37 லட்சம் கோடி டாலர் கடன் வைத்திருப்பவன் மூடாமல் என்ன செய்வான்? நாலு மாதம் சாத்தினால் செலவாவது மிச்சம். இதில் என்ன தப்பு? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

1 அக்டோபர், இரவு
காசில்லாமல் மூடவில்லை. கஜானாவில் காசு இருக்கிறது, எடுக்கச் சீட்டு இல்லை. சட்டம் போட்டு ஒதுக்காத பணத்தைக் கருவூலத்திலிருந்து எடுக்கக் கூடாது என்று அவர்கள் அரசியல் சாசனத்தில் ஒரு வரி இருக்கிறது. வருடத்துக்கு 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள். நிதியாண்டு செப்டம்பர் 30 நள்ளிரவோடு முடிகிறது. இந்த முறை 12-ல் ஒன்று கூடத் தேறவில்லை. நவம்பர் 21 வரை பழைய கணக்கிலேயே ஓட்டலாம் என்று ஒரு தற்காலிக மசோதா கொண்டுவந்தார்கள். பிரதிநிதிகள் சபையில் 217-212 என்று கரையேறியது. செனட்டில் 55 பேர் சரி என்றார்கள், வேண்டியது 60. நள்ளிரவில் பூட்டு.

நான் மேரிலாந்தில் இருக்கிறேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஒப்பந்த நிறுவனம் வழியாக வேலை. நேற்று மாலை வீட்டில் ஆயுத பூஜை. ஊரில் அப்போது பொழுது விடிந்திருந்தது, அம்மா வீடியோவில் இருந்தாள். அலுவலக லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மேலே ஒரு சாமந்திப்பூவும் வைத்தேன். இன்று காலை பத்து மணிக்கு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல்: மறு உத்தரவு வரும் வரை அதைத் திறக்க வேண்டாம்.

2 அக்டோபர்
விஜயதசமி. கருவியை எடுக்க வேண்டிய நாள். எடுக்கவில்லை.

4 அக்டோபர்
மிச்சமாகும் என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் நாள் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விட்டேன்.

வீட்டுக்கு அனுப்பப்பட்ட அரசு ஊழியர்கள் தினமும் சுமார் 7.5 லட்சம் பேர் இருப்பார்கள், அவர்கள் சம்பளம் ஒரு நாளுக்கு 40 கோடி டாலர் என்று காங்கிரஸின், அதாவது அவர்கள் நாடாளுமன்றத்தின், பட்ஜெட் அலுவலகம் கணக்குச் சொல்லியிருக்கிறது. இந்த 40 கோடி மிச்சமா என்றால் இல்லை. 2019-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: முடக்கம் முடிந்ததும் எல்லா ஊழியர்களுக்கும் பாக்கிச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். ஆக, வேலை வாங்காமல் சம்பளம் கொடுக்கப் போகிறார்கள். இதற்குச் சிக்கனம் என்று பெயர்.

2018 டிசம்பர் 22 முதல் 35 நாள் மூடினார்கள். டிரம்ப் எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் கேட்டதில் வந்த வினை. பொருளாதாரத்துக்கு 1,100 கோடி அடி, அதில் 300 கோடி திரும்பி வரவே வராது என்று அதே அலுவலகம் பிறகு சொன்னது. கேட்ட சுவரில் பாதி அப்படியே போய்விட்டது.

இன்னொன்று. 2024 நிதியாண்டில் அரசு செலவழித்தது 6.75 லட்சம் கோடி டாலர். இந்த 12 மசோதாக்கள் வழியாகப் போவது அதில் 1.8 லட்சம் கோடி, கிட்டத்தட்ட கால்வாசி. அதிலும் பாதி ராணுவத்துக்கு. முதியோர் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வட்டி இதெல்லாம் யாரும் ஓட்டுப் போடாமலே தானாக ஓடுகின்றன. வட்டி மட்டும் 88,200 கோடி. முக்கால் குடம் ஓட்டை வழியாகப் போகிறது, இவர்கள் மூடியைப் பிடித்துச் சண்டை போடுகிறார்கள். 1995-க்கு முன்னால் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது.

5 அக்டோபர்
திருத்தம். மேலே கடைசி வரி தப்பு. ஒருவர் தனிச் செய்தியில் திட்டியிருக்கிறார், சரியாகவே திட்டியிருக்கிறார்.

எழுபதுகளிலேயே ஒதுக்கீடு தாமதமாகும். ஆனால் யாரும் அலுவலகத்தைப் பூட்ட மாட்டார்கள். எப்படியும் பணம் வரும் என்று வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 1980-ல் கார்ட்டர் காலத்து அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி ஒரு கருத்து எழுதினார். ஒதுக்கீடு இல்லாமல் செலவு செய்யக் கூடாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதைச் சொன்னபடியே படித்தால் கதவை மூடத்தான் வேண்டும் என்றார். அந்த மே மாதம் வர்த்தக ஆணையம் ஒரே ஒரு நாள் மூடியது. 1981 நவம்பரில் ரீகன் 2.41 லட்சம் பேரை வீட்டுக்கு அனுப்பினார். ஆக, இந்தப் பூட்டைச் செய்தது காங்கிரஸே இல்லை, ஒரு வக்கீலின் வியாக்கியானம்.

நான் 1995 என்றது வேறு காரணத்தால். வாரக்கணக்கில் மூடுவதை ஆயுதமாக்கியது அப்போதுதான். சபாநாயகர் நியூட் கிங்ரிச் ஒரு பக்கம், கிளின்டன் ஒரு பக்கம். இஸ்ரேல் பிரதமர் ராபின் இறுதிச் சடங்குக்குப் போய்த் திரும்பும்போது விமானத்தில் கிளின்டன் தன்னிடம் பேசவில்லை, பின்வாசல் வழியாக இறங்கச் சொன்னார்கள் என்று கிங்ரிச் பத்திரிகையாளர்களிடமே புலம்பினார். மசோதா கடுமையானதற்கு அதுவும் ஒரு காரணமாம்! முதல் பந்தியில் இலை கிடைக்காத மாப்பிள்ளையின் சித்தப்பா மாதிரி. மறுநாள் நியூயார்க் பத்திரிகை ஒன்று அவரை டயபர் கட்டிய அழுகுணிக் குழந்தையாக முதல் பக்கத்தில் போட்டது. அந்தச் சுற்றில் முதலில் 5 நாள், பிறகு 21 நாள்.

அந்தப் பழைய சட்டத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. இலவசமாகக் கூட வேலை பார்க்கக் கூடாது. வீட்டில் சும்மாதானே இருக்கிறோம் என்று அரசு ஊழியர் ஒருவர் அலுவலக மின்னஞ்சலைத் திறந்தால் அது சட்ட மீறல்.

8 அக்டோபர்
‘சம்பளத்தோடு லீவு, கொடுத்து வைத்தவர்கள்’ என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். பாக்கிச் சம்பளம் அரசு ஊழியருக்கு. ஒப்பந்தக்காரர்களுக்குக் கிடையாது. ஒரே அறை, ஒரே காபி இயந்திரம், ஒரே வேலை. என் அட்டையின் ஓரப் பட்டை வேறு நிறம், அவ்வளவுதான் வித்தியாசம்.

2019 ஜனவரியில் எங்கள் நிறுவனம் முதல் பத்து நாளுக்கு லீவைக் கழித்துக்கொள்ளச் சொன்னது. அப்புறம் சம்பளமில்லை. பக்கத்து மேசைக்காரர் அரசு ஊழியர். 35 நாள் முடிந்து வந்தபோது அவருக்கு மொத்தமாகப் பணம் ஏறியது. கூச்சத்தோடு என்னை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். நல்ல மனிதர். நான் பிரியாணி வாங்கிக்கொண்டேன், மறுக்கவில்லை.

கீழ்த்தளத்தில் காபிக் கடை வைத்திருந்த எத்தியோப்பிய அம்மா அந்த முறை கடையை மறுபடி திறக்கவில்லை. எந்தக் கணக்கு அலுவலக அறிக்கையிலும் அவர் வரமாட்டார்.

இப்போது இன்னொரு குண்டு: 2019 சட்டம் பாக்கிச் சம்பளத்துக்குத் தானாக உத்தரவாதம் தரவில்லை என்று வெள்ளை மாளிகையில் ஒரு வரைவுக் குறிப்பு சுற்றுகிறதாம். அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டதே டிரம்ப்தான்.

9 அக்டோபர்
ஹெச்-1பி வேலை விசா பற்றிக் கேட்டவருக்கு: குடியேற்றத் துறை கட்டணப் பணத்தில் ஓடுவதால் அது திறந்திருக்கிறது. சென்னைத் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணலும் அப்படியே. ஆனால் எல்சிஏ (மனுவுக்கு முன்னால் வாங்க வேண்டிய சம்பள, வேலை நிலைமைச் சான்று) தருவது தொழிலாளர் துறை, அது பூட்டு. எல்சிஏ இல்லாமல் புது மனு, கம்பெனி மாற்றம் எதுவும் போட முடியாது. முடக்கம் முடியும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

12 அக்டோபர்
இன்றிலிருந்து ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களும் மூடல். கையிருப்பு நேற்றோடு தீர்ந்தது. மிருகக்காட்சிசாலையும் மூடி, பாண்டாவைக் காட்டும் கேமராவையும் அணைத்துவிட்டார்கள். பாண்டாவுக்குச் சாப்பாடு உண்டு, பார்க்கத்தான் அனுமதி இல்லை. என் மகளுக்கு இந்த அரசியல் முழுவதிலும் புரிந்தது இது ஒன்றுதான், ஆத்திரமாக இருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை சுமார் 4,000 பேருக்கு வேலை நீக்க நோட்டீஸ். இதுவரை முடக்கத்தில் வீட்டுக்குத்தான் அனுப்பினார்கள், வேலையை விட்டே அனுப்பியதில்லை.

16 அக்டோபர்
நோட்டீஸ்களுக்கு சான் பிரான்சிஸ்கோ நீதிபதி நேற்று தடை போட்டார்.

‘நம்மூரில் இப்படி நடக்குமா’ என்ற கேள்விக்கு: நடக்காது, ஆனால் நாம் யோக்கியர்கள் என்பதால் இல்லை. இந்தியாவில் அமைச்சகம் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை மக்களவையில் தோற்றால் அரசே விழும். பணமும் பெரும்பான்மையும் ஒரே முடிச்சு. வெட்டுத் தீர்மானம் என்று நம்மிடமும் உண்டு: கொள்கையே பிடிக்கவில்லை என்றால் மொத்தத்தையும் ஒரு ரூபாயாக்கு, ஒரு குறையைச் சொல்ல வேண்டும் என்றால் நூறு ரூபாய் குறை. விவாதத்துக்கு நேரமில்லையா, கடைசி நாளில் எல்லாவற்றையும் மொத்தமாக ஓட்டுக்கு விட்டுவிடுவார்கள். பட்ஜெட் தாமதமானால் இடைக்கால ஒப்புதல் இருக்கிறது.

நம்மவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும் உதாரணம் 1999. அதிமுக ஆதரவை விலக்கி, ஏப்ரல் 17-ல் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில், 269-270 என்று கவிழ்ந்தது. அதன் பிறகும் அந்த வருட பட்ஜெட்டை அதே மக்களவை விவாதமில்லாமல் நிறைவேற்றியது. கவிழ்த்தவர்களும் கூட, எந்தத் தாசில்தார் அலுவலகத்தையும் பூட்டவில்லை. விவாதமில்லாமல் பட்ஜெட் போவது நல்லதா என்றால் அது வேறு சண்டை. அமெரிக்காவில் அதிபரும் காங்கிரஸும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுவதால் யாரும் யாரையும் கவிழ்க்க முடியாது. கவிழ்க்க முடியாததால் கதவைச் சாத்துகிறார்கள்.

20 அக்டோபர்
தீபாவளி. மைசூர்பாகு கல்லாக வந்தது. செனட்டர்களுக்கு அனுப்பி வைக்கலாம்.

24 அக்டோபர்
பெயர் சொல்லாத ஒருவர் ராணுவச் சம்பளத்துக்கு 13 கோடி டாலர் நன்கொடை கொடுத்தாராம். படையில் சுமார் 13 லட்சம் பேர். தலைக்கு நூறு டாலர். பஞ்சாயத்துப் பள்ளிக்கு டியூப் லைட் வாங்கிக்கொடுத்து, லைட்டை மறைக்கிற அளவுக்குப் பெயரெழுதுகிறவர்கள் ஞாபகம் வந்தது. இவர் பெயராவது போடவில்லை.

26 அக்டோபர்
இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். ஒன்றை முழுசாக விட்டிருக்கிறேன்: சண்டை எதற்கு?

ஜனநாயகக் கட்சி கேட்பது மருத்துவக் காப்பீட்டு மானியம். கோவிட் காலத்தில், 2021-ல் கூட்டிக் கொடுத்தது, இந்த டிசம்பரோடு முடிகிறது. சுமார் 2.2 கோடி பேர் வாங்குகிறார்கள். நிரந்தரமாக்கினால் பத்து வருடத்துக்கு 35,000 கோடி டாலர். குடியரசுக் கட்சி, முதலில் கதவைத் திற, பிறகு பேசலாம் என்கிறது. போன வாரம் வரை என் கருத்து: இரண்டு பக்கமும் வறட்டு கௌரவம், நடுவில் என் சம்பளம். மார்ச் மாதத்தில் இதே மாதிரி மசோதாவுக்கு அவர்கள் செனட் தலைவர் ஷூமர் சரி என்றாரே, இப்போது மட்டும் என்ன வந்தது என்று வீட்டில் கத்தினேன்.

இப்போது அப்படித் தோன்றவில்லை. மார்ச்சுக்கும் அக்டோபருக்கும் நடுவில் ஜூலை இருக்கிறது. ஏற்கெனவே சட்டமாகி ஒதுக்கிய பணத்தில் 900 கோடி டாலரை, வெளிநாட்டு உதவியும் பொது ஒலிபரப்பும் அதில் சேர்த்தி, திரும்ப எடுத்துக்கொண்டார்கள். செனட்டில் 51-48. அந்த வகை மசோதாவுக்கு 60 வேண்டாம், சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆகஸ்ட் கடைசியில் இன்னும் 490 கோடி. அதில் காங்கிரஸ் ஓட்டே வேண்டாம்: ரத்து செய்யக் கேட்டுக் கடிதம் அனுப்பினால் 45 நாள் பணத்தை நிறுத்தி வைக்கலாம் என்று 1974 சட்டம் சொல்கிறது, அந்த 45 நாளுக்குள் நிதியாண்டே முடிந்துவிடும், ஒதுக்கீடு காலாவதி. நிக்ஸன் இஷ்டத்துக்குப் பணத்தை முடக்கினார் என்று அதைத் தடுக்கப் போட்ட சட்டம் அது! அதன் இடுக்கிலேயே புகுந்திருக்கிறார் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகத் தலைவர் ரஸ்ஸல் வோட்.

சீட்டுப் பிடிப்பவர்களுக்கு இது உடனே புரியும். ஏலம் எடுக்க எல்லார் கையெழுத்தும் வேண்டும். எடுத்த பணத்தைத் திரும்பப் பிடுங்க நடத்துகிறவர் கையெழுத்து மட்டும் போதும் என்றால் அடுத்த மாதம் எவன் சீட்டுக் கட்டுவான்? 60 பேர் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்தை 51 பேர் அவிழ்க்கலாம் என்றால் அந்த 60-ல் ஒருவராக நிற்பதில் என்ன அர்த்தம்? ஜனநாயகக் கட்சியின் மாற்று மசோதாவில் இதற்கும் ஒரு கடிவாளம் இருந்தது. டிவியில் யாரும் அதைப் பேசவில்லை. மானியம் என்றால் மேடையில் புரியும், இது புரியாது.

ஷூமர் மீது கத்தியதை வாபஸ் வாங்குகிறேன். சம்பளத்துக்கான கத்தலை வாங்கவில்லை.

27 அக்டோபர்
‘2011-ல் அமெரிக்காவின் கடன் தரத்தையே குறைத்தார்களே, அதுவும் இதுதானே’ என்று கேட்டவருக்கு: இல்லை. அது கடன் வரம்பு, ஆகஸ்ட் மாதச் சண்டை. வாங்கிய பொருளுக்குப் பணம் கட்டலாமா என்பது அது. வாங்கலாமா என்பது இது. ஆனால் அதே வருடம் ஏப்ரலில் இதுவும் நடந்தது. நான் இங்கே வந்த புதிது. நள்ளிரவுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது ஒபாமாவும் சபாநாயகர் பேனரும் 3,800 கோடி டாலர் வெட்டுக்கு ஒத்துக்கொண்டார்கள். சரித்திரத்திலேயே பெரிய வெட்டு என்றார்கள். சில நாள் கழித்துக் காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் கணக்குப் பார்த்தால், அந்த நிதியாண்டில் போர்ச் செலவு தவிர்த்த கணக்கில் நிஜமாகக் குறைவது 35 கோடி சொச்சம். மற்றதில் நிறைய எப்படியும் செலவாகியிருக்காத பணம், பழைய பாக்கி. ஜவுளிக்கடையில் விலையை ஏற்றி எழுதித் தள்ளுபடி கொடுப்பது போல.

1 நவம்பர்
9-ஆம் தேதி எழுதியதற்குத் திருத்தம். எல்சிஏ இணையதளம் நேற்று திரும்ப வந்துவிட்டது, முடக்கம் முடியாமலே. நான் சொன்னதை நம்பி யாராவது காத்திருந்தால் உடனே வக்கீலைக் கூப்பிடுங்கள்.

இன்று முதல் 4.2 கோடி பேருக்கு உணவு உதவி நிற்கிறது. அவசர நிதியை எடுத்துக் கொடு என்று நீதிபதிகள் நேற்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கோயிலில் ஞாயிறு அன்னதானத்துக்கு அரிசி இரண்டு மூட்டை கூடப் போடச் சொல்லியிருக்கிறோம். போன வாரமே தெரியாத முகங்கள் வந்தன. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

5 நவம்பர்
36-ஆம் நாள். சாதனை முறியடிப்பு. பிரதிநிதிகள் சபை செப்டம்பர் 19-க்குப் பிறகு ஓட்டுப் போடக் கூடவே இல்லை. அரிசோனாவில் செப்டம்பர் 23-ல் ஜெயித்த அடெலிடா கிரிஹால்வா இன்னும் பதவிப்பிரமாணத்துக்குக் காத்திருக்கிறார். உறுப்பினர்களுக்குச் சம்பளம் மட்டும் நிற்காது.

60 ஓட்டு விதியையே தூக்கிவிடுங்கள் என்கிறார் டிரம்ப். அவர் கட்சியின் செனட் தலைவர் தூன் மாட்டேன் என்கிறார். நாளைக்கு எதிர்க்கட்சியாக உட்காரும்போது அந்த 60 வேண்டுமே.

10 நவம்பர்
நேற்று இரவு செனட்டில் 15-ஆவது ஓட்டெடுப்பு, 60-40. ஜனநாயகக் கட்சிப் பக்கத்திலிருந்து எட்டு பேர் வந்துவிட்டார்கள். எட்டில் ஒருவர் கூட அடுத்த வருடம் தேர்தலில் நிற்பவர் இல்லை. மானியத்துக்குக் கிடைத்தது, டிசம்பரில் செனட்டில் ஓட்டு நடத்துகிறோம் என்ற வாக்கு. ஜூலை விஷயத்துக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை முதல் 40 விமான நிலையங்களில் விமானங்களைக் குறைத்தார்கள். சம்பளமில்லாமல் வந்த விமானக் கட்டுப்பாட்டாளர்கள் களைத்துப்போனார்கள். 2019-லும் இப்படித்தான், லகார்டியாவில் விமானம் நின்ற அன்றே ஒப்பந்தம் வந்தது. நான் ஆறு வாரம் வீட்டில் உட்கார்ந்தது யாரையும் அசைக்கவில்லை.

13 நவம்பர்
நேற்று இரவு பிரதிநிதிகள் சபையில் 222-209, கையெழுத்தும் ஆகிவிட்டது. 43 நாள். நோட்டீஸ் வாங்கியவர்களைத் திரும்ப எடுக்க வேண்டும், ஊழியர்களுக்குப் பாக்கி உண்டு. ஒப்பந்தக்காரர்கள் என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன், நமக்காக எதுவும் இல்லை. ஆனால் தங்கள் தொலைபேசிப் பதிவுகளைச் சொல்லாமல் எடுத்திருந்தால் செனட்டர்கள் 5 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போடலாம் என்று ஒரு பிரிவு நுழைந்திருக்கிறது. நான் நகைச்சுவைக்காகச் சேர்த்தது இல்லை, மசோதாவிலேயே இருக்கிறது.

12-ல் மூன்று மசோதா முழு வருடத்துக்கு. மற்ற ஒன்பதுக்கும் ஜனவரி 30 வரைதான்.

17 நவம்பர்
இன்றுதான் எங்களைக் கூப்பிட்டார்கள். 31 வேலை நாள். 11 நாள் லீவில் கழிந்தது, 20 நாள் சம்பளமில்லை. டிசம்பரில் திருச்சிக்குப் போட்டிருந்த டிக்கெட்டை ரத்து செய்தேன், போக லீவு இல்லை. அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: “லேப்டாப்புல வெச்ச குங்குமத்தத் துடைச்சிட்டியா, இல்ல ஜனவரிக்கும் சேத்து இருக்கட்டும்னு விட்டுட்டியா?”